வீட்டுக்குள்ளே ஒரு மாமல்லபுரம்!

2021-ம் ஆண்டு மே மாதம் செங்கல்பட்டில் எங்கள் ஆயா இறந்து போனார்.

காய்ச்சல் என்று படுத்தார். ஒரு வாரம்தான். போய்விட்டார்.

அது ஊரடங்கு நேரம். உறவினர் வர முடியவில்லை. ஒப்பாரி வைக்கக்கூட ஆள் இல்லை. வீட்டில் இருந்த ஐந்து பேர்தான் அழுதோம்.

காரியத்துக்கு ஒரு படம் வேண்டும். சுவரில் மாட்டி மாலை போட வேண்டும் அல்லவா?

தேடினோம்.

எங்கள் வீட்டில் நான்கு செல்போன்கள். அவற்றில் ஆயிரக்கணக்கில் படங்கள். பிறந்த நாள் கேக் இருந்தது. பக்கத்து வீட்டு நாய் இருந்தது. ஓட்டலில் சாப்பிட்ட பரோட்டாகூட இருந்தது. ஆயா இல்லை!

கல்யாண ஆல்பங்களைப் புரட்டினோம். ஒரு படத்தில் ஆயாவின் பாதி முகம். இன்னொன்றில் முதுகு. எல்லோரும் மணமக்களோடு படத்துக்கு நின்ற நேரத்தில், ஆயா பந்தியில் இலை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஆதார் அட்டையில் ஒரு படம் உண்டு. அதைப் பார்த்ததும் என் அக்காள் மறுபடியும் அழுதாள். "இது ஆயாவா? போலீஸ் ஸ்டேஷன்ல புடிச்ச போட்டோ மாதிரி இருக்குதே!" என்றாள்.

கடைசியில் ஒரே ஒரு நல்ல படம் கிடைத்தது. எடுத்தவன் என் அக்காள் மகன். எடுத்தபோது அவனுக்கு வயது 9. எடுத்த நாள் 2020 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை.

அவன் அன்று படம் எடுக்க ஆசைப்பட்டது ஆயாவை அல்ல. கடலை!

போக முடியாத 30 கிலோ மீட்டர்

அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள்.

2020 மார்ச் 22-ந்தேதி நாடு முழுவதும் ஒரு நாள் மக்கள் ஊரடங்கு. 25-ந்தேதி முதல் 21 நாள் ஊரடங்கு. 21 நாள் என்று தொடங்கியது, மே மாதக் கடைசி வரை நீண்டது. "அப்பாடா, விட்டது" என்று மூச்சு விட்டோம். விடவில்லை.

சென்னை வட்டாரத்தில் நோய் பெருகியது. ஜூன் 19 முதல் மீண்டும் முழு ஊரடங்கு போட்டார்கள். செங்கல்பட்டு நகரமும் அதில் சேர்ந்தது. மளிகைக் கடையும் காய்கறிக் கடையும் பகல் 2 மணி வரைதான். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது.

செங்கல்பட்டில் இருந்து மாமல்லபுரத்துக்குச் சுமார் 30 கிலோ மீட்டர். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்சில் போனால் ஒரு மணி நேரப் பயணம். ஆனால் அப்போது அது சீமைக்குப் போகிற தூரம் ஆகிவிட்டது. பஸ் இல்லை. வழியெல்லாம் போலீஸ். போனாலும் பயன் இல்லை. மார்ச் 17-ந்தேதியே இந்தியாவில் உள்ள தொல்பொருள் துறையின் கோவில்களையும் கோட்டைகளையும் பூட்டிவிட்டார்கள். கடற்கரைக் கோவிலும் அதில் ஒன்று.

பள்ளிக்கூடப் பாடத்துக்காகப் பையன் கையில் ஒரு செல்போன் வந்திருந்தது. பாடம் முடிந்ததும் படம் எடுக்க வேண்டும் என்று துடிப்பான். "கடலுக்குக் கூட்டிப் போ மாமா. கோவிலைப் புடிக்கணும்" என்பான்.

"வீட்டிலேயே எதையாவது எடுடா" என்றேன்.

"வீட்டுல என்ன இருக்குது?" என்றான்.

நல்ல கேள்வி! அன்றைக்கு உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பேர் கேட்ட கேள்வி அது.

சூரியனை எலி கடித்தது!

ஜூன் 21-ந்தேதி சூரிய கிரகணம். வட இந்தியாவில் சில இடங்களில் சூரியன் வளையல் போலத் தெரிந்தது. நம் பக்கத்தில் அரைகுறைக் கிரகணம்தான். காலை பத்தேகாலுக்கு மேல் பிடித்தது. பிற்பகல் ஒன்றே முக்காலுக்குள் விட்டது. நடுப்பகலில் சூரியனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மறைந்தது.

"கெரணம் புடிச்சிருக்குது. யாரும் வெளியே தலை காட்டாதீங்க" என்று ஆயா உத்தரவு போட்டார். வெளியே போனால் போலீஸ். வாசலுக்குப் போனால் ஆயா. இரட்டை ஊரடங்கு!

எங்கள் வீட்டின் பின்கட்டு நாட்டு ஓடு வேய்ந்தது. அங்கங்கே ஓடு விலகி இருக்கும். அதன் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழும். ஒவ்வொரு பொட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவு இருக்கும்.

"மாமா, இங்கே வாயேன்! சூரியனை எலி கடிச்சிருச்சு!" என்று பையன் கத்தினான்.

ஓடினேன். தரையில் கிடந்த வெயில் பொட்டுகள் வட்டமாக இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு ஓரம் கடிபட்டு இருந்தது. எலி கடித்த அப்பளம் போல! பத்துப் பன்னிரண்டு அப்பளங்கள்!

அவன் அடுக்களைக்கு ஓடி இட்லித் தட்டை எடுத்து வந்தான். வெயிலில் பிடித்தான். தட்டில் எத்தனை ஓட்டையோ, தரையில் அத்தனை கடித்த சூரியன். படம் எடுத்துத் தள்ளிவிட்டான்.

இது மாயம் இல்லை. ஒளி நேர்கோட்டில்தான் போகும். சின்ன ஓட்டை வழியாக வரும்போது, தான் புறப்பட்ட இடத்தின் உருவத்தைக் கொண்டுவந்து கீழே போடுகிறது. தரையில் தினமும் நாம் பார்க்கும் அந்த வெயில் வட்டம், உண்மையில் சூரியனின் படம். ஓட்டை எந்த வடிவத்தில் இருந்தாலும் பொட்டு வட்டமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். மற்ற நாளில் நமக்குத் தெரிவது இல்லை. கிரகணத்தன்று சூரியன் கடிபட்டது, படமும் கடிபட்டது.

(கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. செல்போனைச் சூரியனுக்கு நேரே நீட்டவும் கூடாது. தரையைப் பாருங்கள். அதில் ஆபத்து இல்லை.)

முருங்கைக் கீரை

கிரகணம் விட்டது. ஆயா தலைக்குக் குளித்தார். கடை கிடையாது, காய் கிடையாது. கொல்லையில் நின்ற முருங்கையை ஒடித்துக்கொண்டு வந்தார். பின்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து, ஈரத் தலையை ஒரு பக்கமாக விரித்துப் போட்டுக்கொண்டு, முறத்தில் கீரை ஆய்ந்தார்.

பையன் இட்லித் தட்டை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினான்.

"என்னைப் போய் எதுக்குடா புடிக்கறே? போய்க் கோவிலைப் புடி, கொளத்தைப் புடி" என்றார் ஆயா. ஆனால் எழுந்து போகவில்லை. கீரை பாக்கி இருந்தது.

அப்போது எடுத்த படம்தான் அது.

அது ஏன் நன்றாக வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். காரணம் வெளிச்சம். ஆயா நிழலில் இருந்தார். திறந்த வாசலில் இருந்து வெளிச்சம் ஒரு பக்கமாக அவர் முகத்தில் விழுந்தது. ஒரு கன்னம் வெளிச்சம். மறு கன்னம் மங்கல். சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது. ஈர முடி மின்னுகிறது.

கூடத்தில் டியூப் லைட்டுக்குக் கீழே நிற்க வைத்து எடுத்திருந்தால், கண்ணுக்குக் கீழே குழி விழுந்து, ஆதார் அட்டைப் படம் போலவே இருந்திருக்கும். செல்போனில் மின்னல் போல ஒரு விளக்கு வெட்டுகிறதே, அதைப் போட்டிருந்தால் இன்னும் மோசம்.

இன்னொரு காரணமும் உண்டு. பையனின் உயரம்! உட்கார்ந்திருந்த ஆயாவின் முகமும், நின்றிருந்த அவன் முகமும் ஒரே மட்டம். பெரியவர்களாகிய நாம் எடுத்தால் மேலே இருந்து குனிந்து எடுப்போம். உச்சந்தலைதான் விழும்.

எலிப்பொறி காமிரா

வீட்டில் எடுத்த படம் என்றால் மட்டம் என்று நினைக்கிறோம். உலகத்தில் காமிராவால் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படமே வீட்டில் எடுத்ததுதான்!

பிரான்சு நாட்டில் நீப்ஸ் என்று ஒருவர். 1826 அல்லது 27-ம் ஆண்டில், தன் வீட்டு மாடி ஜன்னலில் காமிராவை வைத்தார். உள்ளே ஒரு உலோகத் தகடு. அதன்மேல் தார் போன்ற ஒரு பூச்சு. குறைந்தது எட்டு மணி நேரம் அப்படியே விட்டார். எதிரே இருந்த கூரையும் சுவரும் மங்கலாகப் பதிந்தன. காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே படத்தில்!

சில ஆண்டு கழித்து இங்கிலாந்தில் டால்பட் என்பவர் சின்னச் சின்ன மரப்பெட்டிகளைக் காமிராவாகச் செய்து தன் பங்களாவைச் சுற்றி அங்கங்கே வைத்தார். அவருடைய மனைவி அவற்றை "எலிப்பொறி" என்று கேலி செய்தார். மனைவிமார் கேலிக்குத் தப்பிய விஞ்ஞானி உண்டா? 1835-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்த எலிப்பொறியில் ஒன்று அவர் வீட்டு ஜன்னலையே பிடித்துவிட்டது. தபால் தலை அளவுதான் படம். இன்று கிடைக்கும் மிகப் பழைய "நெகட்டிவ்" அதுதான்.

நம் தமிழர்களோடு தொடர்பு உள்ள ஒரு அம்மாளின் கதை இன்னும் சுவையானது.

ஜூலியா மார்கரெட் கேமரான் என்பது அவர் பெயர். கல்கத்தாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணி. இங்கிலாந்தில் ஒரு தீவில் குடியிருந்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கணவர் இலங்கையில் உள்ள தோட்டங்களைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டில் தனியாகப் பொழுது போகாமல் இருந்த அம்மாவுக்கு, மகள் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தாள். அது 1863. அம்மாவுக்கு அப்போது வயது 48.

கேமரான் அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? கோழிக் கூட்டைக் காலி செய்து ஸ்டூடியோ ஆக்கினார். கரி போட்டு வைக்கும் அறையைப் படம் கழுவும் இருட்டறை ஆக்கினார். வீட்டு வேலைக்காரப் பெண்ணைப் பிடித்து உட்கார வைத்து, அவளை மாதா போலப் படம் எடுத்தார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் விடவில்லை. அந்தப் படங்களைத்தான் இன்று பெரிய பெரிய கண்காட்சிச் சாலைகளில் வைத்திருக்கிறார்கள்.

1875-ல் அவர் இலங்கைக்கே குடிபோனார். அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1879-ல் காலமானார். மலையகத்தில் பொகவந்தலாவையில் அவர் கல்லறை இருக்கிறது.

48 வயதில், கோழிக் கூட்டில்!

ஊரடங்கு நாட்களை நினைக்கும்போது எனக்கு இன்னொருவரும் ஞாபகம் வருகிறார். பிராக் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் சுடெக். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். இரண்டாவது உலகப் போரின்போது ஜெர்மன் பட்டாளம் அவர் ஊரைப் பிடித்துக்கொண்டது. தெருவில் காமிராவைத் தூக்கிக்கொண்டு திரிவது ஆபத்து. 1940-ல் அவர் தன் ஜன்னலையே படம் எடுக்கத் தொடங்கினார். கண்ணாடியில் படிந்த பனி, வழியும் மழைத் தண்ணீர், வெளியே கோணலாக நிற்கும் ஒரு மரம், ஜன்னல் விளிம்பில் ஒரு தம்ளர் தண்ணீர். இவைதான் படம். போர் முடிந்தது. பட்டாளம் போயிற்று. அவர் மட்டும் ஜன்னலை விடவில்லை. 1954 வரை எடுத்துக்கொண்டே இருந்தார்!

மலைக்கு அடியில் பால் கறக்கிறார்கள்

சீமை வரை போவானேன்? மாமல்லபுரத்துக்கே வருவோம்.

அங்கே போகிறவர்கள் அர்ச்சுனன் தபசைப் பார்க்கிறார்கள். யானையைப் பார்க்கிறார்கள். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவது போலப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் கிருஷ்ண மண்டபத்துக்குள் பலர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

உள்ளே போய் நின்று பாருங்கள்.

கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடிக்கும் காட்சி. வெளியே பேய்மழை. ஆயர்பாடி ஜனங்கள் எல்லோரும் மலைக்கு அடியில் அடைபட்டு இருக்கிறார்கள். யாரும் வெளியே போக முடியாது. அதுவும் ஒரு ஊரடங்குதானே!

அடைபட்ட ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? அழுகிறார்களா? கூட்டமாக நின்று கும்பிடுகிறார்களா?

பால் கறக்கிறார்கள்!

ஒருவர் பசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கறக்கிறார். பசு தன் கன்றை நாக்கால் நக்குகிறது. ஒருவர் குழல் ஊதுகிறார். ஒரு பெண் தலையில் பானைகளைச் சுமந்து நிற்கிறாள். ஒருவர் தோளில் பிள்ளையை உட்கார வைத்திருக்கிறார்.

சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பு செதுக்கியது. மலையைத் தூக்கும் தெய்வத்தைச் செதுக்கும்படி பல்லவ ராஜா சொல்லியிருப்பார். பசு கன்றை நக்கும் காட்சியை அந்தச் சிற்பி எங்கே போய்ப் பார்த்திருப்பார்? தன் வீட்டுக் கொட்டிலில்தான் பார்த்திருப்பார் என்பது என் எண்ணம்.

அர்ச்சுனன் தபசிலும் இப்படித்தான். தவம் செய்கிறவர்களுக்கு நடுவே ஒரு பூனையும் கையைத் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள்! கீழே ஒரு மான் பின்னங்காலால் முகத்தைச் சொறிந்துகொள்கிறது. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது அகப்படும்.

காமிராக்காரர் கதி

அதே ஊரில், கோவில் வாசலில் கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். "சார், கோவிலோடு ஒரு படம்! இப்பவே கையில் கொடுத்துடறோம்" என்று கூப்பிடுவார்கள்.

2019 அக்டோபர் 11-ந்தேதி இந்தியப் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் கை கோத்து நின்றார்கள். உலகத்துக் காமிராக்கள் எல்லாம் அந்த ஊரைத் திரும்பிப் பார்த்தன. "இனி நல்ல காலம்தான்" என்று ஊரே நம்பியது.

ஐந்தே மாதம்! வாசல் பூட்டப்பட்டது. மாதக்கணக்கில் பூட்டியே கிடந்தது. 2021 ஏப்ரல் 16-ந்தேதி மறுபடியும் பூட்டினார்கள். இரண்டு மாதம் திறக்கவில்லை. கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கும் இதே கதி. மண்டபத்தில் கல்யாணம் இல்லை என்றால் காமிராவுக்கு ஏது சோறு?

ஏற்கனவே செல்போன் வந்து அவர்கள் பிழைப்பில் பாதியைத் தின்றுவிட்டது. மீதிக்கும் ஊரடங்கு வந்தது. "வீட்டிலேயே படம் எடுத்து மகிழுங்கள்" என்று நான் எழுதும்போது, படம் எடுப்பதே பிழைப்பாக இருந்தவர்கள் அந்த மாதங்களில் காமிராவை அடகு வைத்திருப்பார்கள் என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

ஒற்றை அறை வீட்டில்

"உங்கள் வீட்டில் கொல்லை இருக்கிறது, முருங்கை இருக்கிறது. எங்கள் வீடு ஒரே அறை. ஆறு பேர். இங்கே என்னத்தை எடுப்பது?" என்று கேட்பீர்கள்.

நியாயம்தான். ஊரடங்கின்போது வந்த யோசனைகள் பலவும் தோட்டமும் மொட்டை மாடியும் உள்ளவர்களுக்குச் சொன்னவை. பூவை எடு, தொட்டிச் செடியை எடு என்றார்கள். எனக்கு அந்தப் பூப் படங்கள் சலித்துவிட்டன.

ஒற்றை அறைக்கும் ஒரு ஜன்னல் இருக்கும். அல்லது வாசல் இருக்கும். காலை ஏழு மணிக்கு அதன் வழியாக வெயில் எங்கே விழுகிறது? ஒன்பது மணிக்கு எங்கே போகிறது? ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். எவர்சில்வர் குடத்தின்மேல் அந்த வெயில் ஏறும்போது, குடத்தின் வயிற்றில் வீடு முழுவதும் வளைந்து தெரியும். அம்மா தெரிவார், கொடியில் காயும் துணி தெரியும், படம் எடுக்கும் நீங்களும் தெரிவீர்கள். ஆறு பேரும் ஒரு குடத்துக்குள்!

1930-ம் ஆண்டு அமெரிக்காவில் எட்வர்டு வெஸ்டன் என்பவர் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துப் படம் எடுத்தார். கறிக்குப் போகிற மிளகாய்தான். படத்தில் முறுக்கேறிய மல்யுத்த வீரன் போல இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற படம் அது. நம் அடுக்களையில் பாகற்காய் இருக்கிறது. அதன் முதுகைக் கிட்டே போய்ப் பாருங்கள். முதலையின் முதுகு!

கிட்டே போய் என்றால் நீங்கள் போக வேண்டும். செல்போனில் விரலால் விரித்துப் பெரிதாக்கினால் படம் கலங்கிவிடும். எடுப்பதற்கு முன்பு செல்போனின் கண்ணாடியை வேட்டி நுனியால் துடையுங்கள். அடுக்களையில் புழங்கும் போனில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். படம் மங்கலாக விழுவதற்கு முக்கால்வாசி அதுதான் காரணம். போன் மேல் பழி போடுகிறோம்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒரு வேடிக்கை. ஒரு நல்ல வெயில் நாளில் அறையை முழுதும் இருட்டாக்குங்கள். ஜன்னலைக் கறுப்புத் துணியாலும் அட்டையாலும் அடையுங்கள். அட்டையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அவ்வளவுதான். கண் இருட்டுக்குப் பழகும் வரை பொறுங்கள். எதிர்ச் சுவரில் உங்கள் தெரு தெரியும். தலைகீழாக! வானம் கீழே, ரோடு மேலே. சைக்கிளில் போகிறவர் தலைகீழாகப் போவார். மேலே இருந்து வரும் ஒளி நேராக ஓட்டைக்குள் புகுந்து கீழே போகிறது; கீழே இருந்து வருவது மேலே போகிறது. அதனால்தான் தலைகீழ். காமிரா என்பதே இந்த அறைதான். சின்னதாக்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

இந்த வித்தையை ஊரடங்கு வந்தால்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. 2022 டிசம்பர் 9-ந்தேதி இரவு "மாண்டஸ்" புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது. நம் கடற்கரையில் வீட்டுக்குள் அடைபடும் நாள் ஆண்டுக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது.

பொய்ப் படம்

வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்கு அப்போது படங்கள் வந்து குவிந்தன. அதில் பொய்யும் கலந்து வந்தது. "மனிதர்கள் இல்லாததால் வெனிஸ் நகரக் கால்வாயில் டால்பின்கள் வந்துவிட்டன" என்று 2020 மார்ச்சில் ஒரு படம் ஓடியது. உலகமே மகிழ்ந்தது. அது வேறு ஊர்த் துறைமுகத்தில் எடுத்தது!

பஞ்சாபில் ஜலந்தரில் இருந்து இமயமலை தெரிகிறது என்று ஏப்ரலில் வந்த படங்கள் உண்மை. காற்றில் புகை குறைந்ததால் பல ஆண்டுக்குப் பிறகு பனிமலை தெரிந்தது. வீட்டு மொட்டை மாடியில் இருந்தே எடுத்தார்கள். தன் வீட்டில், தன் கண்ணால் பார்த்து எடுத்த படத்துக்கு இந்த ஒரு பலம் உண்டு. யாரும் மறுக்க முடியாது.

ஆனால் ஒன்று. வீடு என்றாலும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நோயில் கிடப்பவரையும், குளித்து வருபவரையும், அழுகிறவரையும் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியவர்கள் இருந்தார்கள். அது திருட்டுக்குச் சமம்.

31,598 படங்கள்

2020 மே மாதம் லண்டனில் உள்ள தேசிய உருவப்படக் காட்சிச்சாலை ஒரு அறிவிப்புச் செய்தது. "ஊரடங்கில் நீங்கள் எடுத்த மனிதர்களின் படங்களை அனுப்புங்கள்" என்றது. ஆறு வாரத்தில் 31,598 படங்கள் வந்தன. அதில் 100 படங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஊர் ஊராகச் சுவர்களிலும் பஸ் நிறுத்தங்களிலும் ஒட்டினார்கள். தொழில்காரர்தான் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பேரன், அந்தப் பக்கம் பாட்டி என்பது போன்ற வீட்டுப் படங்கள்தான் வந்து குவிந்தன.

பிற்காலத்தில் ஒருவர் "2020-ல் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?" என்று கேட்டால், அவர்கள் எடுத்துக் காட்ட ஒரு பெட்டி இருக்கிறது.

நம் வீடுகளிலும் எடுத்தோம். 2020 ஏப்ரல் 5-ந்தேதி இரவு 9 மணிக்கு, 9 நிமிடம் விளக்கை அணைத்து அகல் ஏற்றினோமே, அன்று அகல் வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தை எடுத்தவர்கள் எத்தனை பேர்! துணியில் முகமூடி தைத்த அக்காள், முற்றத்தில் முடி வெட்டிவிட்ட அப்பா, செல்போனில் பாடம் படித்த தம்பி. எல்லாம் படமாயிற்று.

அந்தப் படங்கள் எங்கே?

அப்போதைய செல்போன் இப்போது யார் கையிலும் இல்லை. ஒன்று தண்ணீரில் விழுந்தது. ஒன்றைக் கொடுத்துவிட்டுப் புதுப் போன் வாங்கினார்கள். ஒன்று பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது. படமும் அதோடு போயிற்று. அந்த நாளில் ஸ்டூடியோவில் எடுத்த தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம், கரையான் அரித்தும்கூட இன்னும் சுவரில் தொங்குகிறது. நேற்று எடுத்தது காணோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேடுங்கள். ஆயிரம் படத்தில் பத்தை எடுங்கள். முக்கியமாக, யாருடைய படம் இல்லை என்று பாருங்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். அநேகமாக அது அடுக்களையில் இருப்பவராகவே இருக்கிறார். பத்துப் படத்தையும் பக்கத்து ஸ்டூடியோவில் கொடுத்துக் காகிதத்தில் போடுங்கள். ஸ்டூடியோக்காரருக்கும் ஒரு வியாபாரம். பின்புறத்தில் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். பேனா மை ஊறும், பென்சில் நல்லது.

எங்கள் ஆயாவின் படத்தைக் காரியத்துக்குள் பெரிதாக்க முடியவில்லை. கடைகள் எல்லாம் மூடியிருந்தன. காரியத்தன்று செல்போனையே விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அது அணைந்துபோகும். பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து தொட்டுத் தொட்டு எழுப்பினான். கண்ணாடிச் சட்டம் போட்டுப் படம் வந்தது ஜூலையில்தான்.

இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஆயா நம்மைப் பார்க்கவில்லை. முறத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். சட்டத்தின் பின்னால் பையன் எழுதியிருக்கிறான்: "பெரிய ஆயா. முருங்கைக் கீரை. கிரகணம் விட்ட பிறகு. 21-6-2020."

வருஷ திதிக்குக் கதம்ப மாலை வாங்கி வந்தேன். அக்காள் அதைச் சட்டத்தின் மேல் முனையில் சுருட்டிக் கட்டினாள். முழுதாகத் தொங்கவிட்டால் கீரை மறைந்துவிடுமாம்.